அத்தை ஒளித்து வைத்த பஞ்சாமிர்தம்



சென்ற இதழில் மலைப்பூண்டை மழைக்காலத்தில் முளைவிடாமல் காப்பாற்றி வைப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். கடிதம் போட்ட அத்தனை பேருக்கும் நன்றி. இந்தத் தடவையும் சமையலறையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஆனால் சொல்லப் போவது சமையல் குறிப்பு இல்லை. நம் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு விருந்தாளியைப் பற்றி. அந்த விருந்தாளியின் பெயர் வதந்தி!

2024 செப்டம்பர் கடைசியில் நடந்தது இது. பக்கத்து வீட்டு அக்கா பழனிக்குப் போய்ப் பேரனுக்கு மொட்டை போட்டுவிட்டு வந்தார். வழக்கம் போல எங்களுக்கும் ஒரு டப்பா பஞ்சாமிர்தம். கொடைக்கானலில் இருக்கும் எங்களுக்குப் பழனி ஒன்றும் தூரமில்லை. மலையை விட்டு இறங்கினால் முருகன்தான். மலை வாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் நெய்யும் தேனும் கலந்த அந்த வாசனை எங்கள் வீடுகளுக்குப் பழகிப் போன ஒன்று. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்ததே!

அன்று சாயங்காலம் என் நாத்தனார் மகன் புது மனைவியோடு விருந்துக்கு வந்திருந்தான். கல்யாணமாகி மூன்று மாதம்தான். சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் கொடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தால், டப்பாவைக் காணோம்! வீடெல்லாம் தேடினேன். கடைசியில் அரிசி டிரம்முக்குப் பின்னால், பழைய துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அத்தை, இதை யாரு இங்க வச்சது?"

"நான்தாம்மா. பேராண்டிக்கு அதைக் குடுத்துடாத. புதுசாக் கல்யாணமான பய. அதுல என்னமோ மாத்திரை கலக்குறாங்களாம். ஆம்பளைக்கு ஆகாதாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மாமியாருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. பிறந்த ஊர் பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயில் தேரை ஒரு வருஷமும் தவறவிடாதவர். திருநீறு பூசாமல் காபி குடிக்க மாட்டார். அவரா முருகன் பிரசாதத்தை ஒளித்து வைத்தார்!

"யாரு அத்தை சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

எல்லாரும் என்றால் யார் யார் என்று விரல் விட்டுச் சொல்லச் சொன்னேன். பூக்காரம்மா ஒன்று. தையல் கடைப் பெண் இரண்டு. காய்கறி வண்டி ஓட்டும் தம்பி மூன்று. அதோடு நின்றுவிட்டது.

மறுநாள் மூஞ்சிக்கல் கடைவீதிக்குப் போனபோது மெதுவாக விசாரித்தேன். பூக்காரம்மாவுக்குச் சொன்னது தையல் கடைப் பெண். அவளுக்குச் செல்போனில் காட்டியது வண்டிக்காரத் தம்பி. அந்தத் தம்பி பார்த்தது ஒரு பேட்டியின் துண்டுப்படம். ஆக, வாய் மூன்று, வேர் ஒன்றுதான்!

அந்த வாரத்தில் திருப்பதி லட்டு நெய்யைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சூட்டிலே ஒரு திரைப்பட இயக்குநர், பஞ்சாமிர்தத்தில் ஆண்மையைக் கெடுக்கும் மாத்திரை கலந்ததாகத் தாம் கேள்விப்பட்டதாக ஒரு பேட்டியில் சொல்லிவிட்டார். ஆதாரம் எதையும் அவர் காட்டவில்லை. செப்டம்பர் 24-ம் தேதி போலீசார் அவரைக் கைது செய்தார்கள். அதே சமயத்தில் பழனிக் கோயில் நெய்யைப் பற்றியும் ஒரு புரளி கிளம்பி, கோயிலுக்கு வாங்குவது ஆவின் நெய்தான் என்று அரசின் தகவல் சரிபார்ப்பகம் மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

மறுப்பெல்லாம் எங்கள் வீட்டு அரிசி டிரம் வரை வந்து சேரவில்லை. புரளி மட்டும் வந்து சேர்ந்துவிட்டது!

என் மகள் பாட்டியைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அத்தை செய்ததைவிடப் பெரிய தப்பை ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் செய்திருக்கிறேன். யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நான் எழுதிய லீவு லெட்டர்

2017 பிப்ரவரி 6-ம் தேதி தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை எல்லாருக்கும் இலவச ஊசி. என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. சுகாதார செவிலியர் தெருவுக்கே வந்து, "அவசியம் போட்டுக்கிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். இந்த ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு மூளை பாதிக்கும், பெண் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இருக்காது, தயவு செய்து போடாதீர்கள் என்று. அனுப்பியவர் என் சொந்த ஒன்றுவிட்ட அக்கா. இரண்டு நாளில் அதே குரல் இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்தது.

ராத்திரி தூக்கம் போச்சு. இவரிடம் கேட்டேன். "ஒரு தடவை போடாட்டி என்ன, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். ஊசி போடும் நாளில் மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதோடு விட்டேனா? அந்தக் குரலைப் பதினாலு பேருக்கு அனுப்பினேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு!

நான் மட்டும் இல்லை. எத்தனையோ தாய்மார்கள் இப்படிப் பயந்ததால், பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டினார்கள். அப்போதும் நான் அனுப்பவில்லை.

மே மாதம். மதுரை வெயில் தாங்காமல் என் தம்பி சம்சாரம் மலைக்கு வந்தாள். மூன்றாவது மாதம். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துத் தங்கிய கரு. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் காத்த கரு. அவள் வந்து நாலாம் நாள் என் மகளுக்கு லேசாகக் காய்ச்சல். முகத்தில் ரோஜா நிறத்தில் சின்னச் சின்னத் தடிப்பு. காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தது. வேர்க்குரு என்று நினைத்தேன். கொடைக்கானல் குளிரில் வேர்க்குரு ஏது?

டாக்டர் பார்த்தார். முதல் கேள்வி, "ஊசி போட்டாச்சா?" நான் தலையைக் குனிந்தேன். இரண்டாவது கேள்வி, "வீட்டில் கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா?"

அவர் விளக்கியபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. ரூபெல்லா பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூன்று நாள் தொந்தரவு, அவ்வளவுதான். ஆனால் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு வந்தால் கரு கலையலாம். பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். 1941-லேயே நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் டாக்டர் இதைக் கண்டு சொல்லிவிட்டார். தடிப்பு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தொற்றுமாம். அதாவது என் மகள் அத்தைக்காரி மடியில் தலைவைத்துப் படுத்திருந்த அந்த நாட்களிலேயே!

தம்பி சம்சாரத்தின் ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினோம். முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பரவாயில்ல அண்ணி" என்றுதான் சொன்னாள். அதுதான் இன்னும் வலித்தது.

முருகன் புண்ணியம், அவள் ரத்தத்தில் ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி முன்பே இருந்தது. அவளுக்கே தெரியாமல் சின்ன வயதில் வந்து போயிருக்கும் என்றார் டாக்டர். நவம்பரில் பையன் பிறந்தான். நன்றாக இருக்கிறான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் என்பதே எனக்கு ரொம்ப நாள் வரை ஒரு சந்தோஷமாக இருந்தது. என் மகளும் நன்றாகிவிட்டாள். ஆனால் அது எங்கள் அதிர்ஷ்டம். என் புத்திசாலித்தனம் இல்லை.

படித்தவர்களும் ஏமாறுவது ஏன்?

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அந்தக் குரலை எனக்கு அனுப்பிய அக்கா டிகிரி படித்தவள். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது. என் மகள் இப்போது கல்லூரியில் மனோதத்துவம் படிக்கிறாள். அவளிடம் கேட்டுக் கேட்டு, என் புத்தி எந்தெந்த இடத்தில் வழுக்கியது என்று தெரிந்துகொண்டேன்.

முதல் வழுக்கல்: திரும்பத் திரும்பக் கேட்பது. ஒரு செய்தியைப் பல தடவை கேட்டால், அது உண்மை என்று மனசு தானாகவே நினைத்துக்கொள்ளுமாம். 1977-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பல வாக்கியங்களைப் படித்துக் காட்டி, எது உண்மை, எது பொய் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சில வாரம் கழித்து மறுபடி கேட்டபோது, முன்பு காதில் விழுந்த வாக்கியங்களை "உண்மையாகத்தான் இருக்கும்" என்று அதிகமாகச் சொன்னார்களாம். எனக்கு ஐந்து முறை வந்தது ஒரே குரல். நானோ ஐந்து சாட்சி என்று எண்ணிவிட்டேன்!

இரண்டாவது: நமக்குச் சாதகமானதை மட்டும் தேடுவது. இதற்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளோடு விளையாடிப் பாருங்கள். 2, 4, 6 என்று மூன்று எண் சொல்லி, "இதில் ஒரு விதி இருக்கிறது. நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள். விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன். விதியைக் கண்டுபிடியுங்கள்" என்று கேளுங்கள். எல்லாரும் 8, 10, 12 என்பார்கள். சரி என்போம். 20, 22, 24 என்பார்கள். அதுவும் சரி. உடனே, "இரண்டு இரண்டாகக் கூட வேண்டும்" என்று விதியைச் சொல்வார்கள். தப்பு! விதி அதுவல்ல. எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். 1, 7, 50 சொன்னாலும் சரிதான். பீட்டர் வேசன் என்பவர் 1960-ல் லண்டனில் இதை வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலோர் முதல் முயற்சியில் தவறாகத்தான் சொன்னார்கள். "நான் நினைப்பது தப்பாக இருந்தால் எப்படித் தெரியும்?" என்று சோதித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

நானும் அப்படித்தான். "ஊசி ஆபத்து" என்று போட்டுத் தேடினேன். ஆபத்து என்றே வந்தது. "ஊசி பாதுகாப்பானதா?" என்று தேடவே இல்லை. தேடியிருந்தால் ஒரு உண்மை தெரிந்திருக்கும். தட்டம்மை, புட்டாலம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியால் ஆட்டிசம் வரும் என்று கிளப்பிவிட்டது 1998-ல் வந்த ஒரு கட்டுரை. பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதியது. 2010-ல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதியவரின் டாக்டர் பதிவும் ரத்தாயிற்று. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேலான குழந்தைகளைப் பார்த்து, சம்பந்தமே இல்லை என்று 2019-ல் மறுபடியும் சொன்னார்கள். பன்னிரண்டு எங்கே, ஆறரை லட்சம் எங்கே!

மூன்றாவது: கண்ணில் நிற்பதை வைத்துக் கணக்குப் போடுவது. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் அவர்கள் மக்களுக்குத் தைரியம் வரட்டும் என்று 15-ம் தேதி கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி காலமானார். நாமெல்லாம் அழுதோம். இருதய ரத்தக் குழாயில் அடைப்பு என்று டாக்டர்கள் சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வுக்குழுவும் ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அதே வருஷம் சொன்னது. ஆனால் எங்கள் தெருவில் எத்தனை பேர் அதைச் சொல்லியே ஊசியைத் தள்ளிப்போட்டார்கள்! ஊசி போட்டு நன்றாக இருந்த கோடிக்கணக்கான பேர் நமக்கு நினைவுக்கு வர மாட்டார்கள். பழகிய முகம் ஒன்றுதான் நினைவில் நிற்கும். இப்படி, சட்டென்று நினைவுக்கு வருவதை வைத்தே மனசு எடை போடுகிறது என்று 1973-ல் எழுதிய இருவரில் ஒருவரான டேனியல் கானமென்னுக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பாட்டிமார்கள் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் இதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பரிசுதான் கிடைக்கவில்லை!

நான்காவது: சொன்ன சொல்லை விட மனசு வராதது. பதினாலு பேருக்கு அனுப்பிய பிறகு, "தப்பு" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வந்தது. வீடு தேடி வந்த செவிலியரிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

எப்போதும் பிள்ளைப்பேறுதான்!

ஒன்றைக் கவனித்தீர்களா? 2017-ல் ஊசி, 2021-ல் கொரோனா ஊசி, 2024-ல் பஞ்சாமிர்தம். பொருள்தான் மாறுகிறது. பயம் அதே பயம்: குழந்தை பிறக்காது! வட நாட்டில் போலியோ சொட்டு மருந்துக்கும் இதே புரளியைக் கிளப்பினார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசித்தான் அதை வென்றார்கள். 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ இல்லாத நாடு ஆயிற்று.

ஏன் இதே பயம்? நம் வீடுகளைப் பாருங்கள். கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், "விசேஷம் உண்டா?" என்று கேட்காதவர் யார்? பிள்ளை இல்லாத பெண்ணை எத்தனை பேச்சுப் பேசுகிறோம்? அந்தப் பயம் நம் வீட்டில் எண்ணெய் ஊற்றிய திரி மாதிரி எப்போதும் தயாராக இருக்கிறது. எவனோ ஒருவன் தீக்குச்சி கிழித்தால் போதும். திரியை வைத்திருப்பது நாம்தான், சகோதரிகளே.

அதற்காக எல்லாமே பொய்யா?

இல்லை. அதையும் எங்கள் ஊர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கொடைக்கானலில் ஒரு பாதரச வெப்பமானித் தொழிற்சாலை இருந்தது. பாதரசத்தால் வேலை செய்பவர்களுக்குக் கேடு என்று பேசியபோது, வீண் வதந்தி என்று தள்ளியவர்களும் உண்டு. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் நேரில் கண்டு எல்லாருக்கும் காட்டினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2016-ல் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட்டது.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? இங்கே போய்ப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பொருள் இருந்தது. சோதிக்க முடிந்தது. அங்கே, "கேள்விப்பட்டேன்" மட்டும்தான் இருந்தது.

நான் இப்போது செய்வது

1. "யார் சொன்னா?" என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. "யார் பார்த்தா?" என்று கேட்கிறேன். வேர் ஒன்றா, பலவா என்று எண்ணுகிறேன்.

2. பயமோ கோபமோ அழுகையோ வந்தால், அந்தச் செய்தியை ஒரு ராத்திரி ஊறப் போடுகிறேன். உளுந்து மாதிரி! காலையில் பார்த்தால் பாதி தோல் கழன்றிருக்கும்.

3. "இது பொய்யாக இருந்தால் எப்படித் தெரியும்?" என்று ஒரு தடவையாவது தேடுகிறேன்.

4. உடம்பு சம்பந்தப்பட்டது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கிறேன், அல்லது 104-க்குப் போன் செய்கிறேன். இப்போது குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசியை ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு தடவை, ஒன்றரை வயதை ஒட்டி ஒரு தடவை, அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. விட்டுவிடாதீர்கள்.

5. தப்பாக அனுப்பிவிட்டால் அதே ஆட்களுக்கு, "நான் அனுப்பியது தப்பு" என்றும் அனுப்புகிறேன். 2017-ல் பதினாலு பேருக்கும் அப்படி அனுப்பினேன். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டு பேர், நானும் போடலை, இப்பப் போய்ப் போட்டுட்டு வந்தேன் என்று பதில் போட்டார்கள். அந்த இரண்டு பதிலையும் நான் அழிக்கவில்லை.

சரி, பஞ்சாமிர்தம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அத்தையோடு நான் வாதாடவில்லை. பெரியவர்களைச் சிரித்து மடக்கினால் அவர்கள் இன்னும் இறுகிப் போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, நீங்க எத்தனை வருஷமாப் பழனிப் பஞ்சாமிர்தம் சாப்பிடுறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "கல்யாணமான நாள்லேருந்து தாம்மா. அதைச் சாப்பிட்டுத்தான் ஆறு பெத்தேன்!" என்றார். அப்புறம் தானே எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்து, பேரனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் இரண்டு இரண்டு கரண்டி போட்டார். "நல்லாச் சாப்பிடுங்க. இதைச் சாப்பிட்டாத்தான் பிள்ளை பிறக்கும்!"

என் மகள் என் காதில், "அம்மா, இதுவும் அதே தப்புத்தான்" என்றாள்.

தெரியும். ஆனால் அந்தப் புதுப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்தேன். அதனால், "பிள்ளைக்காக இல்லை, ருசிக்காகச் சாப்பிடும்மா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். மூன்றாவது கரண்டி அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் எந்த டப்பா எங்கே ஒளிந்திருக்கிறது? எழுதுங்கள். அடுத்த இதழில் பிளம்ஸ் பழத் தொக்கோடு சந்திக்கிறேன்.